தொப்பிக்காரனுக்குக் கட்டுச்சோறு

மைமூன் அக்கா வீட்டு நடுக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இங்கிலீஷ் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் புகையிலைத் தூள் பறந்துகொண்டிருந்தது.

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கண் தேவையில்லை. இலையை எடுப்பது, தூளை வைப்பது, உருட்டுவது, நூல் கட்டுவது எல்லாவற்றையும் விரல்கள் பார்த்துக்கொள்ளும். கண் சும்மாதான் இருக்கும். அதனால் படம் ஓட ஓட இலை உரசுகிற சத்தம் கூடவே வந்துகொண்டிருந்தது. படம் முடியப்போகிற நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு கைகூட அசையவில்லை. என் அம்மாவின் விரலில் பாதி சுற்றிய பீடி அப்படியே இருந்தது.

டி.வி.யில் ஒரு தொப்பிக்காரன் குதிரையில் ஏறப் போகிறான். வாசலில் ஒருத்தி நின்று அவனைப் பார்க்கிறாள். அந்தத் தொப்பிக்காரன் அவளுக்கு யார்? நான் காலேஜுக்குத் திரும்பப் போவதா, வீட்டிலேயே உட்கார்ந்து பீடி சுற்றுவதா என்பது அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில் இருந்தது.

ஒரு கடிதமும் ஒரு கொட்டாவியும்

இது ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்திக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். உலகமே கொண்டாடுகிற ஒரு பழைய கௌபாய் படத்தை மகன் சொன்னான் என்று உட்கார்ந்து பார்த்தாராம். பாதியில் கொட்டாவி வந்துவிட்டதாம். "இதில் அப்படி என்னதான் இருக்கிறது? பெரிய மனிதர்கள் சொன்னார்கள் என்று நாமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறோமா?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. எனக்கும் அந்தப் படத்துக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் நாற்பது பேர் சண்டைக்கு வருவார்கள். பார்த்தவர்களுக்குத் தானாகத் தெரியும்.

கதை சின்னதுதான். ஒரு பெரிய ஆறு, அதில் வெள்ளம். கரையில் ஒரு தனி வீடு. அங்கே ஓடம் விடுகிற, ஒரு கால் ஊனமான கணவன். அவன் மனைவி. ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குதிரையில் ஒருவன் வருகிறான். வெள்ளம் வடிகிறவரை கொட்டகையில் தங்குகிறான். அவனைத் தேடிக்கொண்டு மூன்று பேர் பின்னாலேயே வருகிறார்கள். ஐந்தாவது நாள் சுட்டுக்கொள்கிறார்கள். மூவரும் விழுகிறார்கள். இவன் ஆற்றைக் கடந்து போய்விடுகிறான்.

இவ்வளவுக்கும் இரண்டரை மணி நேரம்.

வெற்றிலை மென்ற இங்கிலீஷ்

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். முக்கூடலிலிருந்து ஜங்ஷனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாளைக்கு ஒரு பஸ். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியிருந்ததால் யாரோ அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கு என்றார்கள், வாங்கிவிட்டேன். வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் எல்லாப் பாடமும் ஆங்கிலத்திலேயே நடக்கும் என்பது உறைத்தது.

ரோஸ்லின் மிஸ் எங்களுக்கு உரைநடை எடுத்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். புடவைத் தலைப்பைத் தோளில் சேர்த்துக் குத்தி, பாட்டா செருப்பில் வேகமாக நடப்பார். ஒரு சனிக்கிழமை கல்லூரி டி.வி. அறையில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். காட்டிவிட்டு, "உலகத்திலேயே சிறந்த படங்களில் ஒன்று என்கிறார்கள். அந்தப் புகழுக்கு இது தகுதியா? ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள்" என்றார்.

எனக்கு ஒரு வசனம்கூடப் புரியவில்லை. பாடப்புத்தக ஆங்கிலம் வேறு. இந்த மனிதர்கள் வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுவதுபோலப் பேசினார்கள். என் பக்கத்தில் கான்வென்டில் படித்து வந்த ஷர்மிளா கன்னத்தில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டதும், "என்ன ஒரு லவ்!" என்று பெருமூச்சு விட்டாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

லவ்வா? எங்கே? யாருக்கு யாரோடு? நான் பார்த்ததில் அப்படி எதுவும் இல்லை.

நான் பார்த்தது ஒரு தாய்மாமனை.

நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் யோசித்துப் பாருங்கள். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றுகிறான். தரையைப் பார்க்கிறான். கணவன் உள்ளே கூப்பிட்டும் வீட்டுக்குள் போகாமல் படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான். போகிற அன்றைக்குத் தன் கழுத்தில் கிடந்த வெள்ளிச் சங்கிலியைக் கழற்றிக் குழந்தையின் கையில் சுற்றிக் கட்டுகிறான். நிமிர்ந்து பார்க்கமாட்டான், வீட்டுக்குள் வரமாட்டான், பிள்ளைக்கு வெள்ளி போடுவான். எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் அவன் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

களக்காட்டு மாமா

எனக்கு அப்படி ஒரு மாமா இருந்தார். அம்மாவுக்கு ஒரே அண்ணன். களக்காட்டில் வாழை போட்டிருந்தார். அப்பா உயிரோடு இருந்தபோது ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்கும் மாமாவுக்கும் வாய்த்தகராறு. என்ன தகராறு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று மாமா சொல்லிவிட்டார். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகும் மாமா வாசப்படியை மிதிக்கவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

ஆனால் வருவார். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வந்து தெருப்பக்கத்துக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கோமு" என்று என்னைக் கூப்பிடுவார். ஒரு தார் ஏத்தன் வாழைப்பழத்தைச் சுவரில் சாய்த்து வைப்பார். ஒரு தடவை கொலுசு. ஒரு தடவை வெள்ளி மோதிரம். அம்மா இருக்கிற பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். அம்மாவும் பேசமாட்டாள்.

பேசமாட்டாளே தவிர, அவர் சட்டை நிறம் தெருமுனையில் தெரிந்ததுமே சுளகைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவாள். புளிக்காய்ச்சல் எப்போதும் ஒரு சீசாவில் இருக்கும். மாமா என்னிடம் படிப்பு, மார்க் எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் சோற்றைப் பிசைந்து, வாழையிலையில் பொதிந்து, மேலே செய்தித்தாளைச் சுற்றி, பீடி நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டிக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாமா அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அதை அவர் சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்பார்.

இதைத்தான் அந்தப் படத்தில் பார்த்தேன் என்று நினைத்தேன். கூடப்பிறந்தவளைப் பார்க்க வந்த வீம்புக்கார அண்ணன்.

குதிரைக்குத் தண்ணீர்

மறுநாளே எங்கள் தெருப் பெண்களுக்குக் கதையைச் சொன்னேன். பீடி சுற்றும் இடத்தில் ஒருத்தி கதை சொல்ல மற்றவர்கள் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வாரப்பத்திரிகைத் தொடர்கதை, பார்த்துவிட்டு வந்த சினிமா, எல்லாம் அங்கே வந்தாக வேண்டும். அந்த வேலை எனக்குப் பத்து வயதிலிருந்தே உண்டு.

அண்ணன் வந்தான், தங்கச்சி புருஷனுக்கும் அவனுக்கும் பழைய மனத்தாங்கல், எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள், மருமகளுக்குச் சீர் செய்துவிட்டு ஆற்றைக் கடந்து போய்விட்டான் என்று சொன்னேன். ஆவுடைப் பெரியம்மா அழுதுவிட்டாள். எங்கள் தெருவிலேயே மூத்தவள் அவள்தான், வாய்த்துடுக்கிலும் முதல் ஆள். அழுத கையோடு கேள்வியும் கேட்டாள்.

"அஞ்சு நாளு குதிரையைக் கட்டிப் போட்டிருந்தான்லா, ஒரு வாளித் தண்ணி காட்டுனானா?"

"அதெல்லாம் காட்டியிருப்பான் பெரியம்மா."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அம்மா கட்டிய பீடிக் கட்டுகள் வழக்கத்தைவிட அதிகம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அன்று மதியமே அகராதியை வைத்துக்கொண்டு கட்டுரையை எழுதினேன். அண்ணன் தங்கை பாசத்தை இவ்வளவு அழகாகச் சொன்ன படம் வேறு இல்லை, புகழுக்கு முழுத் தகுதி என்று முடித்தேன்.

சிரிப்பு

அடுத்த வாரம் திங்கட்கிழமை ரோஸ்லின் மிஸ் கட்டுரைகளைப் பெயர் சொல்லாமல் வாசித்தார். எல்லாவற்றிலும் 'ஒரு சொல்லும் பேசாத காதல்' என்ற வாக்கியம் ஏதாவது ஒரு விதத்தில் வந்தது. பிறகு என்னுடையது வந்தது. 'குழந்தையின் தாய்மாமன்' என்ற இடத்தில் ஷர்மிளா முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு வகுப்பே சிரித்தது.

"தாய்மாமனா! அவன் அவளோட லவ்வர்டி!"

பெயர் சொல்லாவிட்டால் என்ன, முப்பத்தைந்து பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் எனக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வராந்தாவில் நான் போனால் "மாமா வாராரு" என்று ஒரு குரல் வரும்.

இன்றைக்கு நினைத்தால் சின்ன விஷயம். அன்றைக்கு அப்படி இல்லை. ஒரு படத்தைப் பார்த்து அண்ணன் யார் காதலன் யார் என்றுகூடத் தெரியாதவள் இங்கே என்ன படித்துக் கிழிக்கப் போகிறாள் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, "நான் இனிமே காலேஜுக்குப் போகலை" என்றேன்.

அம்மா இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருக்கலாம். அந்த 'சரி' என்னை எப்படிக் குத்தியது தெரியுமா? செவ்வாய், புதன், வியாழன் என்று ஒரு வாரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சுற்றினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மைமூன் அக்காதான் தினமும் ஒரு தடவை, "ஏட்டி கோமு, லீவா?" என்பாள். மைமூன் அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. அவள் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். தெருவில் கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் அவள் வீட்டில் மட்டும்தான் இருந்தன.

மிஸ் வந்த பஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஸ்லின் மிஸ் எங்கள் தெருவில் வந்து நின்றார். வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார், முகமெல்லாம் வியர்வை. கோயில் ஆராதனையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸிலேயே வந்ததாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் மைமூன் அக்கா வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தோம். அங்கேயே ஒரு நாற்காலி போட்டு, டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள்.

"கோமதி, அன்னைக்கு நான் அதை அப்படி வாசிச்சிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்" என்றார்.

ஒரு டீச்சர் பன்னிரண்டு பேர் முன்னால் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. வீம்பு எங்கள் குடும்பத்துச் சொத்து அல்லவா, "அவன் அண்ணன்தான் மிஸ்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீ எழுதினதுக்குப் பிறகு நான் அந்தப் படத்தை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அவன் அண்ணன் இல்லைன்னு எந்த வசனத்துலயும் வரல. காதலன்னும் வரல. புத்தகத்துல எல்லாரும் காதல்னு எழுதியிருக்காங்க, நாங்களும் அப்படியே படிச்சிட்டோம். நீ சொன்னதைத் தப்புன்னு என்னால காட்ட முடியல" என்றார். பையைத் திறந்து கேசட்டை எடுத்தார். "அவன் அண்ணன்தான்னு நீயே படத்துல காட்டுவியான்னு கேக்கத்தான் வந்தேன்."

"இதுக்கு என்னத்துக்குப் பேச்சு? போட்டுப் பாத்திருவோம்" என்றாள் ஆவுடைப் பெரியம்மா. "ஏளா மைமூனு, டெக்கைப் போடு."

எனக்குள் ஏதோ ஒரு வேகம் ஏறியது. "இவங்க எல்லாரும் பாத்துட்டுச் சொல்லட்டும். அண்ணன்னு சொன்னா நாளைக்கே காலேஜுக்கு வாரேன். இல்லைன்னா என்னை விட்ருங்க மிஸ்" என்றேன்.

மிஸ் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் சுளகைப் பார்த்தாள். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

என் மனதுக்குள் ஒரு தைரியம் இருந்ததை மறைப்பானேன். எல்லோரும் என் ஆட்கள். கதையை அண்ணன் தங்கச்சிக் கதையாகவே கேட்டவர்கள். நான் ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தேன்.

செம்மண் இல்லாத வெள்ளம்

அம்பாசமுத்திரம் வாசகருக்கு ஒரு தகவல்: அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பெரிய பெரிய விமர்சனங்களைப் பிற்பாடு படித்திருக்கிறேன். மைமூன் அக்கா வீட்டில் கேட்டதைப்போல ஒன்றைப் படித்ததில்லை.

படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஆறு வந்தது. ஆவுடைப் பெரியம்மா சுற்றிக்கொண்டே பார்த்தாள். "இதா வெள்ளம்?" என்றாள். "தண்ணி கண்ணாடி மாதிரில்லா இருக்கு. நம்ம ஆத்துல வெள்ளம் வந்தா எப்பிடி வரும்? செம்மண்ணு கரைஞ்சு, மரமும் மட்டையும் பாம்புமா வரும். இந்தத் தண்ணியைக் கடக்கவா அஞ்சு நாளு உக்காந்திருக்கான்?"

தாமிரபரணிக்காரிகளிடம் பொய் வெள்ளத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. உலகப் புகழ்பெற்ற இயக்குநர் முதல் பத்து நிமிஷத்தில் அங்கே தோற்றார்.

பிறகு அந்த மண்ணின் பூர்வகுடி ஆட்கள் ஒரு கூட்டமாகக் குதிரையில் வந்து, கூச்சல் போட்டு, சுடப்பட்டு விழுந்தார்கள். "இவனுவ யாரு?" என்றாள் மைமூன் அக்கா. மிஸ் விளக்கினார். "அப்பம் இது அவனுவ ஊருதான? அவனுவ ஊர்ல வந்து அவனுவளையே சுடுதானா?" என்றாள். மிஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குதிரைக்குக் கடைசிவரை யாரும் தண்ணீர் காட்டவில்லை. துப்பாக்கிச் சண்டை வந்தபோது நாலு பேர் எழுந்து இலை நனைக்கப் போய்விட்டு, அது முடிந்த பிறகு வந்து உட்கார்ந்தார்கள்.

ஆனாலும் தொப்பிக்காரன் படியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது எல்லோரும் டி.வி. பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். குழந்தையின் கையில் சங்கிலியைச் சுற்றியபோது ஆவுடைப் பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தீர்களா என்கிற பார்வை.

மேசை மேல் ரொட்டி

கடைசிக் காட்சி. நான் தொடங்கியபோது சொன்னேனே, கைகள் நின்ற இடம், அது இதுதான்.

அவன் குதிரைக்குச் சேணம் பூட்டுகிறான். கணவன் ஓடத்தின் பக்கம் கோலை ஊன்றி நிற்கிறான். அவள் வாசலில் நிற்கிறாள். அரை நிமிஷத்துக்குமேல் யாரும் பேசவில்லை. அவள் கைகள் மட்டும் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. அவன் ஏறுகிறான், போகிறான், தண்ணீரில் இறங்குகிறான். முடிந்தது.

மைமூன் அக்கா எழுந்து டி.வி.யை அணைத்தாள்.

"அண்ணன்தான்" என்றாள் ஆவுடைப் பெரியம்மா. "சங்கிலி போட்டான்லா. வேற எவன் போடுவான்?" இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது.

"அவன் அண்ணன் இல்லட்டி" என்றாள் அம்மா.

பையத்தான் சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. விரலில் பாதி சுற்றிய பீடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் படிக்கப் போவது அவளுடைய ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"எப்பிடி இல்லைங்கிறீங்க மதினி?" என்றாள் மைமூன் அக்கா.

"அவளுக்குப் பின்னால மேசை மேல ரொட்டி இருந்துச்சு. பாக்கலையா? துண்டு போட்டு வச்சிருக்கா. கூடப்பிறந்தவன் தூரதேசம் போறான், ஒரு எட்டு எட்டி எடுத்துக் கட்டிக் குடுக்காம எவளாவது நிப்பாளா? பேச்சுவார்த்தை இல்லைன்னாலும் சுவர்மேல வச்சிட்டாவது வந்துருப்பா."

கூடத்தில் எல்லோருக்கும் களக்காட்டு மாமாவைத் தெரியும்.

"பெறகு ஏன் குடுக்கலை?" என்று நான் கேட்டேன்.

"குடுத்தா கை படும்லா" என்றாள் அம்மா. "பட்டுட்டா விடமாட்டா. அவளுக்கே அது தெரியும். அதான் துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா."

மைமூன் அக்கா மறுபடியும் எழுந்து, டி.வி.யைப் போட்டுக் கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். மீண்டும் அந்த வாசல். ஆமாம், மேசை இருந்தது. ரொட்டி இருந்தது, வெட்டி அடுக்கியிருந்தது. அவள் ஒரு தடவை பின்னால் திரும்பி அதைப் பார்க்கக்கூடப் பார்க்கிறாள். பிறகு இரண்டு கையாலும் துணியை இறுக்கிப் பிடிக்கிறாள்.

நான் இதைப் பார்க்கவே இல்லை. வசனம் புரிகிறதா புரிகிறதா என்று இரண்டரை மணி நேரமும் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா கைகளைப் பார்த்தாள்.

ஆவுடைப் பெரியம்மா டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "ஆமாட்டி லெச்சுமி. அண்ணன் இல்லை" என்றாள் அம்மாவிடம். பிறகு அவளுக்கே உரிய சிரிப்போடு, "உனக்கு எப்பிடிட்டி இம்புட்டு வெவரம்?" என்று கேட்டாள்.

"போங்கக்கா, கண்ணு இருக்குல்லா" என்றாள் அம்மா. கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

நான் தோற்றுவிட்டேன். அழக்கூட வரவில்லை.

ரோஸ்லின் மிஸ் பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடி, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கினார். "இது ஒரு புத்தகத்திலயும் இல்லம்மா" என்றார் அம்மாவிடம். "ரொட்டியைப் பத்தி ஒருத்தரும் எழுதல. நானும் பார்க்கல. நாளைக்கு வகுப்புல இதைச் சொல்லலாமா? நீங்க சொன்னதுன்னே சொல்லுதேன்."

அம்மாவுக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு விட்டுப்போன பீடியைச் சுற்றி முடித்து, நூலைக் கட்டிச் சுளகில் போட்டாள்.

"நீங்க எதுக்கு டீச்சர்?" என்றாள். "கோமு வந்து சொல்லுவா."

திங்கட்கிழமை

அம்பாசமுத்திரம் வாசகரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெள்ளம் பொய். சண்டை சுத்தப் பேத்தல். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களுக்குச் செய்திருப்பது அநியாயம், அதை மன்னிக்க எனக்கு மனதில்லை. இரண்டு மணி நேரத்தைத் தாராளமாக வெட்டி எறியலாம், உங்கள் கொட்டாவி நியாயமான கொட்டாவிதான். ஆனால் அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாத பீடிக்காரி ஒருத்திக்கு முக்கூடலில் அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அதற்காக எவ்வளவு புகழ் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வழக்கமாக விடிந்ததும் அவள் இலை வெட்ட உட்கார்ந்துவிடுவாள். என் தூக்குச்சட்டியில் பழையதையோ எதையோ நானே போட்டுக்கொண்டு ஓடுவேன். அன்றைக்கு இலை நனைத்தபடியே கிடந்தது. அடுப்படியிலிருந்து வந்தாள், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினாள். சுவர்மேல் வைக்கவில்லை. என் கையில் கொடுத்தாள். கொடுத்த கையால் என் கையை ஒரு நொடி அழுத்தினாள். பிறகு இலை வெட்டப் போய்விட்டாள்.

வகுப்பில் மிஸ் என்னை எழுப்பினார். முதலில் "மாமா" என்று ஒரு குரல் வந்தது. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன், நடுவில் தமிழுக்கு வந்தேன். "நான் எழுதினது தப்பு. அவன் அண்ணன் இல்லை. எப்படித் தெரியும்னு சொல்லவா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியைச் சொன்னேன். கையைச் சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்பதையும், அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லை.



மத்தியானம் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஷர்மிளா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அந்தப் படத்துல ஒண்ணும் புரியல கோமதி" என்றாள். "கேசட் அட்டைக்குப் பின்னால 'ஒரு சொல்லும் பேசாத காதல்'னு போட்டிருந்தது. அதை வாசிச்சிட்டுத்தான் சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்து எழுதினாங்க."

நான் அவளைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அட்டைக்குப் பயந்தா ஒரு வாரம் பீடி சுற்றினேன்?

பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தேன். குறுக்கும் நெடுக்குமாகப் பீடி நூல், நடுவில் அம்மாவின் அந்த இறுக்கமான முடிச்சு. நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். வாழையிலைக்குள் புளிச்சோறு, மூன்று பேர் சாப்பிடுகிற அளவு. பாளையங்கோட்டைக்குப் போகிறவளுக்கு இவ்வளவா? மாமாவுக்குக் கட்டுவதுபோல, தூரமாகப் போகிற ஆளுக்குக் கட்டுவதுபோலக் கட்டியிருந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"என்னடி அது, நூல் எல்லாம் போட்டு?" என்றாள் ஷர்மிளா.

"கட்டுச்சோறு. எங்கம்மா கட்டுனது" என்றேன். ஒரு பிடி அள்ளினேன்.

"கையை நீட்டு."